கொறிச்சான் கூப்பிட்டால் மட்டும்

காளீஸ்வரி பதினேழு வருஷம் அணிலாகப் பேசியவள்.

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடிக்கிற கம்பெனியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். புருஷன் விஜயபாண்டி கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுப்பவன். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இருக்காது, கேமரா சும்மா கிடக்கும். அப்படி ஒரு ஆடி மாதம் கம்பெனியில் கழித்துப் போட்ட துணியைக் கொண்டுவந்து, தேயிலைத் தண்ணீரிலும் அடுப்புக்கரியிலும் ஊறவைத்து, உள்ளே பஞ்சை அடைத்து, கைப்பிள்ளையாக இருந்த மகளுக்கு வேடிக்கை காட்ட ஒரு அணில் பொம்மை தைத்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் மரத்துக்கு மரம் தாவுமே, அந்தப் பெரிய சாம்பல் அணில். அதைக் கைக்குள் மாட்டிக்கொண்டு தொண்டையைச் சுருக்கி, "கிர்ர்ர், நாந்தான் கொறிச்சான்! உங்க வீட்டுல கடலை இருக்கா?" என்று பேசினாள். பிள்ளை சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். விஜயபாண்டி கேமராவை எடுத்துவந்தான்.

'பொரிகடலை வீடியோஸ்' இப்படித்தான் தொடங்கியது. முதல் விசிடியில் ஆறு பாட்டு, மூன்று கதை. பஸ் ஸ்டாண்டு கடைகளில் தொங்கவிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்கு ரோட்டோரம் ஒரு டிவியை வைத்து ஓட்டினார்கள். தேர் பார்க்க வந்த பிள்ளைகள் டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றன. பிறகு உள்ளூர் கேபிளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் அரைமணி நேரம் கிடைத்தது. மில்லுக்குப் போகிற பெண்கள் அந்த அரைமணி நேரத்தில்தான் நிம்மதியாகக் குழம்பு வைத்தோம் என்று காளீஸ்வரியிடம் கடைவீதியில் சொல்வார்கள்.

ஒரு விசிடி முடிக்க ஆறு மாதம் எடுப்பாள் அவள். எடுத்ததை முதலில் தெருப்பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்டி, டிவியைப் பார்க்காமல் பிள்ளைகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு பிள்ளை மிரண்டாலும் அந்த இடத்தை மாற்றச் சொல்லிவிடுவாள்.

விசிடி போய் டிவிடி வந்தது, அதுவும் போய் எல்லாம் போனுக்குள் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் காளீஸ்வரிக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி. மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள். கட்டி போயிற்று, கூடவே குரலும் போயிற்று. சாக்கை இழுத்த மாதிரி ஒரு கரகரப்பு மட்டும் மிஞ்சியது. கொறிச்சான் இனிமேல் பேசமாட்டான் என்று அவள் பொம்மையைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

விஜயபாண்டி கொறிச்சானை விடவில்லை. அவளுடைய பழைய பதிவுகளை எல்லாம் கம்ப்யூட்டருக்குள் கொடுத்தால், நாம் எழுதுகிறதை அதே குரலில் அதுவே பேசிவிடும் என்று யாரோ சொல்லிக்கொடுத்தார்கள். செய்து பார்த்தான். அச்சு அசலாக அவள்தான். முதல் நாள் கேட்டபோது அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. சந்தோஷத்தில் வந்தது என்று அவன் நினைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவள் கேட்பதில்லை. அவன் முன்னறையில் உட்கார்ந்து வாரத்துக்கு இரண்டு கதை எழுதிப் போட்டான். அவள் அடுப்படியில் இருந்தாள்.

அன்று ஐப்பசி மழை. மூன்று நாளாக விட்டுவிட்டுப் பெய்து, பள்ளிக்கூடத்துக்கெல்லாம் லீவு விட்டிருந்தார்கள். காளீஸ்வரி ரசத்துக்குப் பூண்டு தட்டிக்கொண்டிருந்தபோது முன்னறையில் போன் அடித்தது. மணி பதினொன்றே கால் இருக்கும்.

"பொரிகடலை வீடியோவா?" என்றது ஒரு ஆண்குரல். "நான் ஏட்டு சுந்தரபாண்டியன் பேசுதேன். மகாராஜபுரத்துல இருந்து. ஒங்க நம்பர் வீடியோ கடைசில போட்டிருந்துச்சு."

"ஆமா சார், சொல்லுங்க."

"இங்க ஒரு பொம்பளப்புள்ளயக் காணல. அஞ்சு வயசு. யுவராணின்னு பேரு. காலைல ஒம்பது மணில இருந்து காணும். ஒங்க வீடியோவத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கு. இதச் செத்த கேளுங்க."

போனுக்குள்ளிருந்து இன்னொரு போனின் சத்தம் வந்தது. விஜயபாண்டி ஸ்பீக்கரைப் போட்டான். மழைச் சத்தத்துக்கு நடுவில் கொறிச்சான் சிரித்தான்.

"கிர்ர்ர்! அம்மா அடிச்சாங்களா? கவலப்படாத, என்கூட வா. நாம ஒரு பொந்துக்குள்ள போயி ஒளிஞ்சுக்கலாம். இருட்டா, உருண்டையா இருக்கிற பொந்து. யாரு கூப்பிட்டாலும் வாயத் தொறக்கக் கூடாது. அம்மா கூப்பிட்டாலும் வரக்கூடாது. கொறிச்சான் கூப்பிட்டா மட்டும்தான் வரணும். சரியா? ஷ்ஷ்ஷ்!"

சத்தம் அதோடு நின்றது.

காளீஸ்வரி கையில் பூண்டோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய குரல். அந்த 'ஷ்ஷ்ஷ்' கூட அவளுடையது, மகள் கைப்பிள்ளையாக இருந்தபோது தூங்கவைக்கச் சொன்ன அதே மாதிரி.

"இத நான் எப்பங்க சொன்னேன்?" என்றாள்.

"நீ சொல்லல. நான் எழுதுனது" என்றான் விஜயபாண்டி. போனைப் பார்த்து, "சார், அது கதை சார். முழுசாப் பாருங்க. கடைசில கொறிச்சான் இருட்டுல பயந்து அழுவான். அவங்கம்மா வந்து, இனிமே சொல்லாம எங்கயும் ஒளியக் கூடாதுன்னு புத்தி சொல்லும். புள்ளைகளுக்கு நல்லது சொல்லத்தான்…"

"ஆறு நிமிச வீடியோ. மூணாவது நிமிசத்துல நிக்குது" என்றார் ஏட்டு. "அவங்கம்மா அந்த எடத்துலதான் போனப் பிடுங்கியிருக்கா. கடைசிய யாரு பாத்தா?"

விஜயபாண்டி போனை மேஜைமேல் வைத்தான். ஸ்பீக்கரில் ஏட்டு பேசிக்கொண்டே போனார்.

"நாங்க கத்திப் பாத்துட்டோம். ஆத்தா கத்துறா, தாத்தா கத்துதாரு, ஊரே கத்துது. நீங்க கூப்பிட்டாத்தான் வருமாம்லா? வந்து கூப்பிடுங்க."

போன் வைக்கப்பட்டது. அடுப்பில் ரசம் பொங்கி வழிகிற வாடை வந்தது. யாரும் போகவில்லை.

"அந்தப் பக்கம் பூரா கெணறுங்க" என்றாள் காளீஸ்வரி. "தென்னந்தோப்புக் கெணறு. செவரே இருக்காது. இந்த மழைல தரை எது தண்ணி எதுன்னே தெரியாது."

"இப்ப அதச் சொல்லாத, காளி."

"பொந்துன்னு எழுதிருக்கீகளே. இருட்டா, உருண்டையான்னு."

அவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். எழுத்து எழுத்தாகத் தப்பிப்போயிற்று. 'யுவராணி, உடனே வெளியே வா' என்று அடித்தான்.

"அப்படி எழுதாதீக. அதட்டுற மாதிரி இருக்கு. புள்ள இன்னும் உள்ள போயிரும்" என்றாள்.

அழித்துவிட்டு மறுபடி எழுதினான். கம்ப்யூட்டர் பேசியது. "யுவராணி! கிர்ர்ர்! நாந்தான் கொறிச்சான். வெளையாட்டு முடிஞ்சிருச்சு. வெளிய வா. எங்க இருக்க? இங்க இருக்கேன்னு சொல்லு. கொறிச்சான் கூப்பிடுறேன், வா வா!" அதையே திரும்பத் திரும்ப வரும்படி ஒட்டி ஒரு பென்டிரைவில் ஏற்றினான். அவள் பீரோவைத் திறந்து பொம்மையை எடுத்து மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

டூவீலரில்தான் போனார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் தூறல். கோயில் கோபுரம் பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது. கிருஷ்ணன்கோவிலில் வத்திராயிருப்பு ரோட்டுக்குத் திரும்பியதும் மழை அடித்துக்கொட்டியது. மேற்கே மலை இருக்கிற இடமே தெரியவில்லை. ஒரு கண்மாய் மறுகால் பாய்ந்து தண்ணீர் ரோட்டைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தது. விஜயபாண்டி வண்டியை நிறுத்திவிட்டு அந்தச் செம்மண் தண்ணீரையே பார்த்தான். காலை ஊன்றி இறங்கிப் பார்த்ததில் முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது.

"போயிரலாம்" என்றான். பிறகு தலையைத் திருப்பாமலே, "ஒருவேள கெடைச்சிருக்கும். கெடைச்சா போன் பண்ணுவாகள்ல?" என்றான்.

"மழைல போன் அடிச்சாலும் கேக்காது. வண்டிய எடுங்க."

மகாராஜபுரத்தில் வீட்டை யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஊர்ச்சனம் எந்தப் பக்கம் நின்றதோ அந்தப் பக்கம் போனார்கள். மாடி வைத்த ஒரு புது மெத்தை வீடு, பின்னால் மாட்டுக்கொட்டம், அதற்குப் பின்னால் தென்னந்தோப்பு. தோப்புக் கிணற்றில் இரண்டு டீசல் இன்ஜினை வைத்துத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்கள். தீயணைப்புக்காரர்கள் இரண்டு பேர் கொக்கி கட்டிய கயிற்றை விட்டு விட்டு எடுத்தார்கள். கயிறு மேலே வருகிற ஒவ்வொரு தடவையும் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஒரு தடவை ஓலை வந்தது. ஒரு தடவை பழைய சாக்கு வந்தது. சாக்கு என்று தெரிகிறதுக்குள் ஒரு கிழவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளையின் தாத்தா, பேர் சோலைச்சாமி.

"இவியதானா அந்த அணில்காரவிய?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. "ஒளிஞ்சுக்கோ ஒளிஞ்சுக்கோன்னு புள்ளைக்குச் சொல்லிக்குடுத்துட்டு இப்ப வேடிக்க பாக்க வந்துட்டாகளா?"

விஜயபாண்டி தலையைக் குனிந்துகொண்டான். ஏட்டு சுந்தரபாண்டியன் வந்து கூட்டிப்போனார். "விடும்மா, நாந்தான் வரச் சொன்னேன். சோணைமுத்து! மைக் செட்டக் கொண்டா."

சோணைமுத்து ஊர்க் கோயில் கொடைகளுக்கு மைக் கட்டுகிறவன். ஏற்கெனவே வீட்டு மாடியில் ஒரு ஸ்பீக்கர் குழாயும் தோப்பு மரத்தில் ஒரு குழாயும் கட்டிவைத்திருந்தான். பென்டிரைவைச் செருகினான்.

"யுவராணி! கிர்ர்ர்! நாந்தான் கொறிச்சான்!"

ஊரெல்லாம் அந்தச் சிரிப்பு எழும்பியது. கூட்டத்தில் இருந்த சின்னப் பிள்ளைகள் அம்மாக்களின் சேலையைப் பிடித்துக்கொண்டன. எல்லாரும் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தார்கள். வைக்கோல் படப்பு, கொட்டம், கோழிக்கூடு, தண்ணீர்த் தொட்டி, எங்கிருந்தாவது ஒரு சின்னத் தலை எட்டிப் பார்க்கும் என்று. ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. ஒன்றும் இல்லை.

"ஓடட்டும்" என்றார் ஏட்டு. "நிறுத்தாத. ஓடிக்கிட்டே இருக்கட்டும்."

விஜயபாண்டி தேடுகிறவர்களோடு சேர்ந்துகொண்டான். காளீஸ்வரி வீட்டுக்குள் போனாள்.

பிள்ளையின் தாய் வெங்கடேஸ்வரி அடுப்படித் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இருபத்தேழு, இருபத்தெட்டு வயசு இருக்கும். கூட இருந்த பெண்கள் கொண்டுவந்த காப்பி டம்ளர் ஆடை படிந்து பக்கத்தில் இருந்தது. அவளுக்கு முன்னால் ஒரு தட்டில் பாதித் தோசை, மேலே தூவிய சீனி கரைந்து ஈரமாகிக் கிடந்தது. யாரையும் அதை எடுக்கவிடவில்லை. மடியில் இருந்த போனில் அவள் புருஷன் ஜெயபாண்டியின் முகம் தெரிந்தது. பட்டாளத்தில், அசாமில் இருக்கிறான்.

"கெடைச்சுட்டாளா?" என்றான் அவன். காளீஸ்வரி உள்ளே வந்த நிழலைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்க வேண்டும். "வெங்கடேசு, யாரு வந்துருக்கா? கெடைச்சுட்டாளா?"

"இல்லங்க" என்றாள் அவள். லைன் அறுந்து அவன் முகம் அப்படியே நின்றுபோயிற்று. அவள் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

காளீஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் இராஜபாளையம், தாயி. அந்த அணிலு… அது என் குரலு."

வெங்கடேஸ்வரி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். அடிப்பாள் என்றுதான் காளீஸ்வரி நினைத்தாள். அடிக்கவில்லை.

"நான்தான் அடிச்சேன் அக்கா" என்றாள். "அவிய ஒம்பது மணிக்குத்தான் கூப்பிடுவாக. அதுக்குப் பொறவு டூட்டிக்குப் போயிருவாக. போனக் குடுட்டின்னு கேட்டேன். குடுக்க மாட்டேன்னுட்டா. கையிலருந்து பிடுங்கி, முதுகுல ரெண்டு வச்சேன். அவ அழல. என்னைய ஒரு பார்வ பாத்துட்டுப் பின்வாசல் வழியாப் போனா. கொட்டத்துக்குத்தான் போறான்னு நெனச்சேன். இருவது நிமிசம் அவியகூடப் பேசிட்டு இருந்தேன். புள்ள எங்கன்னு கேட்டாக. ஒளிஞ்சு வெளையாடுறான்னு சொன்னேன் அக்கா. சிரிச்சுக்கிட்டே சொன்னேன்."

வெளியே குழாயில், "வா வா! கொறிச்சான் கூப்பிடுறேன், வா வா!" என்றது.

மத்தியானம் போய்விட்டது. யாரோ ஒரு குண்டான் நிறைய எலுமிச்சைச் சோறு கிண்டிக் கொண்டுவந்து தேடுகிறவர்களுக்கு வாழையிலையில் வைத்துக் கொடுத்தார்கள். நின்றுகொண்டே அள்ளிப்போட்டுக்கொண்டு மறுபடி தோப்புக்குள் போனார்கள். ஊரில் ஒரு வீடு விடாமல் பார்த்தாயிற்று. மச்சு, கட்டில் அடி, பீரோ, நெல் மூட்டைச் சந்து எல்லாம் பார்த்தாயிற்று. கிணறு பாதிக்கு வற்றியிருந்தது. ஊற்று ஊறுகிற வேகத்துக்கு இன்ஜின் தோற்றுக்கொண்டிருந்தது.

நாலு மணி வாக்கில் தெற்கே ஒரு சத்தம். ஓடைக்கரையில் நின்ற ஒருத்தன் கையை ஆட்டிக் கத்தினான். அவன் கையில் ரோஸ் கலரில் சின்னச் செருப்பு. ஒற்றைச் செருப்பு.

கூட்டம் மொத்தமும் ஓடைக்கு ஓடியது. ஏட்டு ஓடினார், விஜயபாண்டி ஓடினான், தீயணைப்புக்காரர்கள் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு ஓடினார்கள். சோலைச்சாமியை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். வெங்கடேஸ்வரி எழுந்தாள், இரண்டு எட்டு வைத்தாள், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "நான் போக மாட்டேன்" என்றாள். "நான் போயிப் பாக்க மாட்டேன்."

அந்த வீட்டைச் சுற்றி யாருமே இல்லாமல் போயிற்று. மழை வெறித்து ஓலையிலிருந்து சொட்டுவது மட்டும் நடந்தது. மாடிக்குழாய் மட்டும் ஓயாமல் சிரித்துக்கொண்டிருந்தது.

வெங்கடேஸ்வரி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "அக்கா, அத நிறுத்தச் சொல்லுங்க. எம்புள்ளய முழுங்கிட்டுச் சிரிக்கிற மாதிரி இருக்கு. நிறுத்தச் சொல்லுங்க அக்கா!"

காளீஸ்வரி வெளியே ஓடினாள். சோணைமுத்து திண்டில் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"இத நிறுத்துங்க தம்பி."

"ஏட்டய்யா சொல்லாம நிறுத்தப்படாதும்மா. அவியதான் ஓடட்டும்னு…"

அவள் குனிந்து பென்டிரைவைப் பிடுங்கிவிட்டாள்.

திடீரென்று ஊர் அமைதியானது. இத்தனை நேரம் காது எவ்வளவு அடைத்துப்போயிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. தூரத்து ஓடைச் சத்தம் கேட்டது. கொட்டத்தில் மாடு மூச்சுவிடுவது கேட்டது.

காளீஸ்வரி அப்படியே நின்றாள். அவளுக்கு என்னமோ உறைத்தது. பழைய விசிடிகளில் கொறிச்சான் ஒரு கேள்வி கேட்டால், அடுத்ததைப் பேசாமல் மனசுக்குள் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணுவாள் அவள். டிவிக்கு முன்னால் இருக்கிற பிள்ளை பதில் சொல்ல அந்த நேரம். 'இருக்கு', 'இல்ல', 'பச்சை' என்று பிள்ளைகள் கத்தும். போனுக்கு வந்த பிறகு விஜயபாண்டி அந்த இடைவெளியை எல்லாம் வெட்டிவிட்டான். ரெண்டு செகண்டு சும்மா இருந்தால் பிள்ளைகள் அடுத்ததுக்குத் தள்ளிவிட்டுப் போய்விடும் என்பான்.

"மூணு மணி நேரமா எங்க இருக்க, எங்க இருக்கன்னு கேட்டுருக்கோம்" என்றாள் சோணைமுத்துவிடம். "அது பதில் சொல்ல ஒரு நிமிசம் வாய மூடுனமா?"

அவனுக்குப் புரியவில்லை. அவள் பொம்மையைப் பைக்குள்ளிருந்து எடுத்துக் கைக்குள் மாட்டினாள். எதற்கென்று அவளுக்கே தெரியாது. பின்வாசல் வழியாக நடந்தாள். வெங்கடேஸ்வரி பின்னாலேயே வந்தாள்.

"யுவராணி" என்று கூப்பிட்டாள். கரகரவென்று வந்தது, பாதியில் காற்றாகிப்போயிற்று. "நான் கொறிச்சான். எங்க இருக்க?"

நின்றாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. கொட்டத்தில் ஒன்றுமில்லை.

நாலு எட்டு நடந்தாள். "யுவராணி, எங்க இருக்க?" எண்ணினாள். வைக்கோல் படப்பில் தண்ணீர் சொட்டியது.

கொட்டத்தை ஒட்டிப் பக்கத்து மனையில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். மழைக்கு வேலை நின்றுபோய்க் கிடந்தது. கம்பி, செங்கல், மணல் குமி. மணலின் சரிவில் மாடிக்கு ஏற்ற வேண்டிய கறுப்புப் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி ஒன்று படுக்கையாகக் கிடந்தது. காலையில் இருந்து இருபது பேர் அந்த வழியாகப் போய்வந்திருப்பார்கள். தொட்டியின் வாய் சுவரோடு ஒட்டியிருந்தது, ஒரு ஆள் உள்ளே போக வழியே இல்லை.

"யுவராணி… எங்க இருக்க?"

ஒன்று. இரண்டு. மூன்று.

'டொம்.'

வெங்கடேஸ்வரி அவள் தோளைப் பிடித்தாள். நகம் பதிந்தது. இரண்டு பேரும் மூச்சுவிடவில்லை.

'டொம். டொம்.'

"ஐயோ, உள்ளதான்!" என்று தாய் கத்தினாள். தொட்டியின் மேல் விழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டு அறைந்தாள். "யுவா! அம்மாடி! யுவா!" சோணைமுத்து ஓடிவந்தான். மூன்று பேரும் சேர்ந்து தள்ளினார்கள். ஈரமணல் வழுக்கியது. காளீஸ்வரி சுவரில் முதுகைக் கொடுத்து இரண்டு காலாலும் தொட்டியை உதைத்துத் தள்ளினாள். ஒரு சாண் நகர்ந்தது. இன்னொரு சாண். சோணைமுத்து தலையை விட்டுப் பார்த்துவிட்டுக் கையை உள்ளே நீட்டினான்.

பிள்ளை வெளியே வந்தாள். வெறுங்கால், உதடு நீலம் பாரித்திருந்தது. பாவாடை முட்டிவரைக்கும் நனைந்து உடம்பு வெடவெடவென்று ஆடியது. தொட்டிக்குள் மூன்று விரல்கடைத் தண்ணீர் கசிந்து நின்றது. காலையில் சுவருக்கும் தொட்டிக்கும் நடுவில் ஒரு சின்னச் சந்து இருந்திருக்கிறது, அதில் நுழைந்திருக்கிறாள். பிறகு அடித்த மழையில் அடிமணல் அரித்து, தொட்டி சரிந்து, வாய் சுவரில் போய் முட்டிக்கொண்டது. தொட்டி வாயில் விட்ட செருப்பில் ஒன்று மணலுக்கடியில் புதைந்து, மற்றதைத் தண்ணீர் ஓடைக்கு இழுத்துப் போயிருக்கிறது.

வெங்கடேஸ்வரி அவளைச் சேலைக்குள் சுருட்டிக்கொண்டு அந்த மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிள்ளையின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

ஓடைக்கரையிலிருந்து சனம் திரும்பி ஓடிவந்தது. விஜயபாண்டி சேறும் தண்ணியுமாக முன்னால் வந்து நின்றான். பிள்ளை காளீஸ்வரியின் கையில் மாட்டியிருந்த பொம்மையைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை, தாயின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அது மொதல்ல கூப்பிட்டப்பவே வாரேன்னு சொன்னேன்மா" என்றாள். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது, காளீஸ்வரியின் குரல் மாதிரியே. "வாசலு மூடிக்கிச்சு, வந்து தொறன்னு சொன்னேன். சொல்லிக்கிட்டே இருந்தேன். அது பேசிக்கிட்டே இருக்கு. கொறிச்சானுக்குக் காதே கேக்கலம்மா."

காளீஸ்வரி பொம்மையைக் கையிலிருந்து உருவிப் பைக்குள் போட்டாள். விஜயபாண்டி பிள்ளைக்கு என்னமோ சொல்லப்போனவன் மாதிரி ஒரு அடி முன்னால் வந்தான், பிறகு அப்படியே பின்னால் போய் ஒரு செங்கல் அடுக்கில் உட்கார்ந்தான். அவன் தோள் குலுங்குவதைப் பார்த்துச் சோணைமுத்து ஒரு துண்டைக் கொண்டுவந்து கொடுத்தான்.

பிள்ளையை வத்திராயிருப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சூடு வரும்வரை வைத்திருந்துவிட்டுப் பயம் ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். ஏட்டு விஜயபாண்டி, காளீஸ்வரி இரண்டு பேரிடமும் எழுதி வாங்கிக்கொண்டார். "கேஸெல்லாம் வேண்டாம்னுட்டாரு புள்ளயோட அப்பன்" என்றார். "ஆனா ஒண்ணு சொல்லச் சொன்னாரு. அந்த வீடியோவ எடுத்துருங்கன்னு. இனி ஒரு புள்ள அதப் பாக்கக் கூடாதுன்னு."

"இப்பவே எடுத்துட்டேன் சார்" என்றான் விஜயபாண்டி. செங்கல் அடுக்கில் உட்கார்ந்திருந்தபோதே போனில் அழித்துவிட்டிருந்தான்.

"எம்புட்டுப் பேரு பாத்துருப்பாக?"

"ஒம்பது லட்சத்துச் சொச்சம், சார்."

ஏட்டு எழுதி வாங்கிய தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

மறுநாள் காலையில் காளீஸ்வரி அடுப்பைப் பற்றவைக்கவில்லை. குளித்துவிட்டு நேரே முன்னறைக்கு வந்து கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். மூன்று வருஷத்தில் அந்த அறையில் அவள் உட்காருவது அதுதான் முதல் தடவை.

"எல்லாத்தையும் அழிச்சிருவோமா?" என்றான் விஜயபாண்டி. ராத்திரி தூங்காத கண். "கம்பெனிய மூடிருவோம், காளி. எனக்கு இனிமே தெம்பில்ல."

"அழிச்சுட்டா? போனுல எறக்கி வச்சுருக்கவக வீட்டுல அது இருக்கத்தான செய்யும். நம்ம பேரப் போடாம வேற ஆளுக போட்டுருப்பாக. எது எதுல என்ன சொல்லிருக்கேன்னு எனக்குத் தெரியணும். தெரிஞ்சாத்தான் எதப் பாக்க வேண்டாம்னு சொல்ல முடியும்." தண்ணீர் குடித்துக்கொண்டாள். "மொத்தம் எத்தன இருக்கு?"

"என் குரலு… ஒன் குரலுல நான் போட்டது முந்நூத்திப் பன்னெண்டு."

"மொதல்ல இருந்து போடுங்க."

முதல் வீடியோவில் கொறிச்சான் பல் விளக்கினான். இரண்டாவதில் காய்கறிப் பேர் சொன்னான். மூன்றாவதில் மழையைப் பற்றி ஒரு பாட்டு. விஜயபாண்டி ஒவ்வொன்று முடியும்போதும் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்காவதில் ஒரு கிணறு வந்தது. கொறிச்சான் விளிம்பில் ஏறி நின்றான். "கிர்ர்ர்! உள்ள யாரோ என்னைய மாதிரியே இருக்கான்! நீயும் எட்டிப் பாரு! இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்…"

"இங்க நிறுத்துங்க" என்றாள் காளீஸ்வரி.

"இல்ல, அடுத்து வழுக்கப் பாப்பான், அவங்க அப்பா வந்து பிடிச்சு…"

"இந்த எடத்துல அவங்கம்மா போனப் பிடுங்கிட்டான்னு வைங்க."

அவன் நிறுத்தினான். திரையில் கொறிச்சான் கிணற்று விளிம்பில் ஒரு காலைத் தூக்கியபடி நின்றான். கீழே எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண் இருந்தது. இரண்டு பேருமே அதைப் பார்த்தார்கள். எந்த ஊர், எந்தத் தோப்பு, எந்தக் கிணறு என்று யாரிடம் போய்க் கேட்பது? அவன் அதை அழித்தான்.

வெளியே மறுபடி மழை பிடித்துக்கொண்டது. காளீஸ்வரி ஒரு நோட்டை எடுத்து 'நாலு, கெணறு' என்று எழுதினாள்.

"அடுத்ததப் போடுங்க" என்றாள்.